காய்க்காத மாமரத்துக்கு ஜாமீன்

தணிகாசலத்தின் மாமரத்தின் மேல் இதுவரை யாரும் ஒரு கல்கூட விட்டெறிந்ததில்லை. காய்த்த மரம்தான் கல்லடி படும். இந்த மரமோ நட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஒரு மாவடுவைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. வழியில் போகிறவர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் பக்கத்துப் புளியமரத்தில் கை வைத்தார்கள்.

தணிகாசலத்தைக் கேட்டால் அது அசல் பங்கனபள்ளி. சித்தூர்ப் பக்கம் போய் ஒட்டுக்கன்றாக வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் குழந்தைபோலக் கொண்டுவந்தார். மீன் கழுவின தண்ணீர், ஆட்டெரு, மட்கின சாணம் என்று அதற்குச் செய்யாத உபசாரம் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு அரக்கோணத்துச் சம்பந்திக்கு வருஷத்துக்கு ஒரு கூடை பழம் அனுப்புவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். சம்பந்தியும் விடாக்கண்டர். ஒவ்வொரு கடிதத்திலும், ‘இங்கு யாவரும் நலம், தங்கள் மாமரம் எப்படி இருக்கிறது?’ என்று நோயாளியை விசாரிப்பதுபோல ஒரு வரி எழுதாமல் முடிக்கமாட்டார்.

காய்க்காத மரத்தை மிரட்டுவது அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். மார்கழி முடிகிற சமயத்தில் வீட்டுக்காரன் கோடரியை ஓங்கி, இந்த வருஷமும் காய்க்காவிட்டால் வெட்டிப் போட்டுவிடுவேன் என்று சத்தம் போடவேண்டும். வீட்டுக்காரி ஓடிவந்து குறுக்கே நின்று, வேண்டாம், விட்டுவிடுங்கள், அடுத்த வருஷம் காய்க்கும், அதற்கு நான் ஜாமீன் என்று கெஞ்சவேண்டும். மரம் கேட்டுக்கொண்டிருக்கும், பயந்துபோய்க் காய்க்கும் என்பது ஏற்பாடு. முதல் இரண்டு வருஷம் தணிகாசலத்தின் மனைவி அம்சா உண்மையாகவே கண் கலங்கித்தான் கெஞ்சினாள். அப்புறம் இடுப்பில் குடத்தோடு கிணற்றுக்குப் போகிறபோதே சொல்லிவிட்டுப் போனாள். போன வருஷம் தறியை விட்டு எழுந்திருக்காமல், வீட்டுக்குள்ளிருந்தே, “நான்தான் ஜாமீனு, வுட்டுட்டு வாங்க, சோறு ஆறுது” என்று குரல் கொடுத்தாள். இப்படிப்பட்ட மிரட்டலுக்கு எந்த மரம் பயப்படும்?

இது இப்படி இருக்க, எழுபதாம் வருஷம் ஐப்பசியில் ஒரு காரியம் நடந்தது.

தணிகாசலத்தின் நிலம் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், அய்யம்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. சாலை அந்த இடத்தில் முழங்கையை மடக்கினதுபோல ஒரு வளைவு வளையும். சரியாக அந்த முழங்கையின் உள்மடிப்பில், சர்க்கார் புளியமரங்களுக்கு நடுவே, நிலத்துக்குப் போகிற வழி. மாட்டு வண்டியில் வெளியே வந்தால் முதலில் மாட்டின் மூக்கு சாலைக்கு வரும், அப்புறம் கொம்பு, அப்புறம் நுகத்தடி. வண்டிக்காரனின் கண் சாலைக்கு வருவதற்குள் மாடு பாதிச் சாலையைத் தாண்டியிருக்கும். அத்தனை வருஷமும் சாலையில் வந்ததெல்லாம் மாட்டு வண்டியும் சைக்கிளும் என்பதால் பிழைப்பு ஓடியது. இப்போது அரைமணிக்கு ஒரு பஸ் வந்தது.

ஜான் பாஷா ஓட்டிவந்த பஸ் அன்றைக்குத் தணிகாசலத்தின் வண்டியில் பூட்டியிருந்த மயிலைக்காளையின் மூக்குக்கு நாலு விரற்கடை முன்னால் ஒடித்துத் திரும்பிப் பள்ளத்தில் இறங்கியது. உள்ளே இருந்த கோழிக்கூடை ஒன்று உடைந்து சாலையெங்கும் கோழி. ஒருவருக்கும் காயமில்லை. பஸ்ஸின் பின்பக்கம் உரசினதில் மயிலையின் இடது கொம்பு மட்டும் பாதியில் முறிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள், இங்கே கொம்போடு போயிற்று.

தணிகாசலம் தப்பெல்லாம் பஸ்மேல் என்றார். ஜான் பாஷா சண்டைக்கு வரவில்லை. ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, இந்த வளைவில் உங்கள் மாடு எனக்கு எங்கே தெரிகிறது என்று மட்டும் கேட்டார். அவர் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். அன்றைக்குத்தான் முதல்முதலாக நடுவழியில் பயணிகளை இறக்கிவிட்டு அரைமணி உட்கார்ந்துவிட்டார்.

அம்சா மறுநாளே இரண்டு முடிவு எடுத்தாள். ஒன்று, இனிமேல் தான் அந்த வண்டியில் ஏறுவதில்லை. இரண்டு, வண்டி வெளியே போகும்போதெல்லாம் தான் முன்னால் போய்ச் சாலையில் நின்று பார்த்துச் சொல்வது. பழைய சிவப்புப் புடவையில் ஒரு முழம் கிழித்து ஒரு கழியில் கட்டிக்கொண்டாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, எருவண்டி ஓடுகிற நாளில் எட்டுத் தடவை. தறியில் உட்கார்ந்து நாலு ஊடை இழை போடுவதற்குள், “இந்தா, வண்டி கிளம்புது” என்று தணிகாசலம் கூப்பிடுவார். அவளும் கழியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். பத்து நாளில் பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்துக்குச் சிகப்புக்கொடி ஸ்டாப்பிங் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தணிகாசலத்துக்கு மானம் போயிற்று. பெண்டாட்டி கொடி காட்டினால்தான் வண்டி ஓட்டுவான் என்று சந்தையில் நாலு பேர் சிரித்தால் எந்த ஆம்பிளைக்குத்தான் பொறுக்கும்? உயிர் போயிருக்குமே என்ற நினைப்பைவிட இந்தச் சிரிப்புதான் அவரை அதிகமாகக் குடைந்தது. மனுஷன் புத்தி அப்படி.

ஆகவே மனு எழுதிப் போட்டார். நெடுஞ்சாலை ஓவர்சியர் சிட்டிபாபு சைக்கிளில் வந்து இறங்கினார். டேப்பைப் பிடித்து அளந்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், குனிந்தும் பார்த்தார். வண்டிக்காரன் கண்ணுக்கு இரண்டு பக்கமும் இருநூறு அடி சாலை தெரியவேண்டும், அதற்கு இந்த இடத்திலேயே வழி வேண்டுமென்றால் ஐந்து புளியமரம் போகவேண்டும் என்றார்.

“அஞ்சுதானே, வெட்டிடுங்க” என்றார் தணிகாசலம்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். சிட்டிபாபு நிதானமான ஆள். இன்னொரு வழியும் இருக்கிறது என்று மேற்கே நூறு அடி தள்ளி அழைத்துப்போனார். அங்கே வளைவு முடிந்து சாலை நேராக இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில் இரண்டு புளியமரம் விழுந்து இடைவெளியும் இருந்தது. வாசலை இங்கே மாற்றிக்கொண்டால் ஒரு புளியமரத்தையும் தொடவேண்டாம், பள்ளத்தில் குழாய் புதைத்து மண்ணடித்துத் தருவது தன் பொறுப்பு என்றார். ஒரே ஒரு சங்கடம். உள்ளே ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் வாய்க்கால், நட்டநடுவில் தணிகாசலத்தின் மாமரம்.

தணிகாசலத்துக்கு முகம் கறுத்துவிட்டது. “அது காய்க்கிற மரங்க” என்றார்.

சிட்டிபாபு அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். அப்புறம் தணிகாசலத்தைப் பார்த்தார். பொங்கலுக்கு மறுநாள் காஞ்சிப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்குப் பழைய சீவரம் போகிறபோது சாலை முழுக்க ஜனம் வரும், அதற்குள் ஏதாவது ஒன்றைத் தீர்மானம் பண்ணுங்கள், புளியமரம்தான் என்றால் அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கம்பக்கம் என்றால் முதல் ஆள் பூவராகவன். அம்சாவின் தம்பி, அய்யம்பேட்டையில் பாவு போடுகிறவன். அந்தப் புளியமர நிழல்தான் ஆறு நெசவுக் குடும்பங்களுக்குப் பாவடி. விடிந்தும் விடியாமலும் இருபது கஜத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். நிழலில் மெதுவாக உலரவேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் இழை முறுகி அறுந்துபோகும்.

“அஞ்சு மரம் போச்சுனா பாவு பாதி நெழல்ல காயும், பாதி வெயில்ல காயும் மாமா. அத்த எந்தத் தறியில ஏத்தறது?” என்றான் பூவராகவன்.

உன் நூல் பெரிதா என் உயிர் பெரிதா என்று தணிகாசலம் கேட்டார். உயிர்தான் பெரிது, அதனால்தான் மாமரத்தை வெட்டச் சொல்கிறேன் என்றான் அவன். அது பங்கனபள்ளி என்றார் இவர். இருக்கலாம், சாப்பிட்டுப் பார்த்தவர்கள் யாரும் இல்லையே என்றான் அவன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஒருவருக்கொருவர் ஒரே பழமொழியைச் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் பிரிந்தார்கள்.

அம்சா பாடுதான் திண்டாட்டம். ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் பிறந்த வீட்டுப் பிழைப்பு. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் குழம்பில் புளி இல்லை. மோர்க்குழம்பு, பருப்பு, மறுபடி மோர்க்குழம்பு. ஆறாவது நாள் தணிகாசலம் காரணம் கேட்டார். ஐந்து மரம் போன பிறகு பழகிக்கொள்ள வேண்டாமா, இப்போதிலிருந்தே பழகட்டும் என்றாள் சாவதானமாக.

புளியும் வேண்டும், மாவும் வேண்டும், மானமும் வேண்டும் என்று தணிகாசலம் மூன்று நாள் மூளையைக் கசக்கினார். கடைசியில் ஒரு யோசனை வந்தது. அம்சாவின் கல்யாணச் சீரில் வந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டுபோய் வாசலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கத்துப் புளியமரத்தில் சாய்வாகக் கட்டினார். வண்டியில் உட்கார்ந்தபடியே அதில் பார்த்தால் வளைவுக்கு அப்பால் வருகிற பஸ் அப்படியே தெரிந்தது. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். ஒரு நாள் முழுக்க அவரைப் பிடிக்கமுடியவில்லை. போகிற வருகிறவர்களை எல்லாம் வண்டியில் ஏற்றி உட்காரவைத்துக் காட்டினார்.

அவர் மறந்தது ஒன்றே ஒன்று. வண்டிக்காரனுக்கு முன்னால் கண்ணாடியைப் பார்க்கிறது மாடு.

மறுநாள் காலையில் மயிலை சாலை ஓரத்துக்கு வந்து தலையைத் தூக்கியது. எதிரே, தன் உயரத்துக்குத் தன் நிறத்தில், ஒரு கொம்பு முறிந்த இன்னொரு காளை தன்னை முறைத்துக்கொண்டிருந்தது. மயிலைக்குத் தன் கொம்பு போன விவரம் அன்றைக்குத்தான் தெரிந்ததோ என்னவோ, தலையைத் தாழ்த்திக்கொண்டு, இணைமாட்டையும் வண்டியையும் தணிகாசலத்தையும் இழுத்துக்கொண்டு, சாலையைக் குறுக்கே ஒரே பாய்ச்சலாகத் தாண்டிப்போய் முட்டியது. நல்லவேளை, அது பஸ் வராத நேரம். சீர்க்கண்ணாடி சில்லுச் சில்லாகச் சிதறியது. அம்சா ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினாள். அன்றைக்கும் மோர்க்குழம்புதான்.

ஆகவே கொடி திரும்பி வந்தது. தணிகாசலமும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் கொடிக்குப் பின்னால் வண்டியை ஓட்டினார். பஸ்காரர்கள் அதற்குப் பழகியிருந்தார்கள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, அம்சாவுக்கு ஒரு ஹாரன் மரியாதை செய்துவிட்டுப் போவார்கள். எல்லாரும் பழகிவிட்டார்கள் என்பதுதான் ஆபத்தாயிற்று.

போகிக்கு நாலு நாள் இருக்கும்போது, பாலாற்று மணல் ஏற்றின வெளியூர் லாரி ஒன்று வந்தது. அதன் டிரைவருக்குச் சிகப்புக்கொடி ஸ்டாப்பிங்கைப் பற்றி யார் சொல்லியிருக்கப்போகிறார்கள்? தணிகாசலம் வண்டிமேல் இருந்து பார்த்தபோது அம்சா சாலையில் கழியோடு நின்றிருந்தாள். பிரேக் கிறீச்சிட்டது. புழுதி எழுந்தது. லாரி நிற்காமல் வளைந்து போயிற்று. அதன் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டிக்கொண்டு சிவப்புத்துணி வாலாஜாபாத் பக்கமாகப் படபடத்துக்கொண்டு போவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. சாலையில் அம்சா இல்லை.

வண்டியிலிருந்து எப்படிக் குதித்தார் என்று அவருக்கு நினைவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு பயத்தை அவர் கண்டதில்லை. அம்சா பள்ளத்தில் கிடந்தாள். முழங்கை சிராய்த்து, தலையெல்லாம் சேறு. அவரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, “துணி போச்சு” என்றாள். தணிகாசலம் அவளுடைய தலையிலிருந்த சேற்றைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மத்தியானம் ஜான் பாஷா பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிவந்தார். லாரிக்காரன் வாலாஜாபாத் டீக்கடையில் போட்டுவிட்டுப்போன துணியை மடித்துத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார். எப்போதும் இரண்டு கேலி பேசாமல் போகாதவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“மொதலியாரே, நான் அம்மாவப் பாத்தா பிரேக் போடுவேன். பாக்காதவன இன்னா பண்ணுவீங்க?”

தணிகாசலம் துணியை மடியில் செருகிக்கொண்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சிட்டிபாபுவைப் பார்த்தார். மேற்குப் பக்கமே குழாய் புதைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் காரணம் கேட்பதற்குள் திரும்பிவிட்டார்.

போகிக்கு முந்தின நாள் காலையில் மரத்தடியில் மூன்று பேர் நின்றார்கள். தணிகாசலம் கையில் கோடரி. பூவராகவன் கயிறு கொண்டுவந்திருந்தான். அம்சா முழங்கையில் மஞ்சள் பற்றோடு ஓரமாக நின்றாள். எந்தக் கிளையில் கயிறு கட்டலாம் என்று பார்க்கத் தணிகாசலம் அண்ணாந்தார். அண்ணாந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உச்சியில், கரும்பச்சை இலைகளுக்கு நடுவே, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பூங்கொத்து. இளமஞ்சளாக, நுனியில் லேசான சிவப்போடு. ஒன்றே ஒன்று.

மற்ற இருவரும் அடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் மட்டும்தான் பூவைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இன்றைக்குத்தானா? அவர் கோடரியை ஓங்கினார். ஓங்கின கை வழக்கத்தில் நின்றது, வாயும் வழக்கத்தில் தானாகவே அந்த வார்த்தையைச் சொல்லியது.

“காய்க்கிறியா, வெட்டிப் போடட்டுமா?”

சொல்லிவிட்டு அம்சாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். அது சம்பிரதாயத்துக்குச் சொன்னதானாலும் சரி, கோடரியைக் கீழே போட்டுவிடுவார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். அம்சா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த மௌனத்தைத் தாங்கமுடியாதவன் பூவராகவன்தான். தன் புளியமரம் பிழைக்க மாமாவின் மரம் போகிறதே என்று அவனுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. “வேணாம் மாமா, வுட்டுடு. அடுத்த வருஷம் காய்க்கும். நான் ஜாமீன்” என்றான்.

“நீ சும்மா இருடா. அத்தச் சொல்ல வேண்டியவ நானு” என்றாள் அம்சா. பிறகு புருஷனை நேராகப் பார்த்தாள். “பன்னெண்டு வருஷம் இதுக்கு ஜாமீன் நின்னாச்சு. இனிமே ஒங்களுக்கு நிக்கிறேன். வெட்டுங்க.”

தணிகாசலம் இன்னொரு தடவை அண்ணாந்து பார்க்கவில்லை. பூவைப் பற்றிச் சொன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான், பொங்கல் கழித்து அவள் மறுபடி கழியோடு சாலையில் நிற்கவேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. கோடரியை இறக்கினார். முதல் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு பூவராகவனும் அவரும் மாற்றி மாற்றி வெட்டினார்கள். உச்சி வெயிலுக்கு மரம் சாய்ந்தது.

பொங்கலுக்கு ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் அந்த மரத்துத் தோரணம்தான். காய்க்காத மரமாக இருந்தாலும் இலைக்குக் குறைச்சல் வைக்கவில்லை. அம்சாவும் தன் வீட்டு வாசலுக்குத் தோரணம் கட்டிவிட்டு, புருஷனின் தலைப்பாகைத் துண்டைத் துவைக்க எடுத்து உதறினாள். மடிப்பிலிருந்து வாடின மாம்பூங்கொத்து ஒன்று தரையில் விழுந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். மரம் பூ விட்டிருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். தணிகாசலம் மாட்டுக் கொம்புக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். மயிலைக்கு ஒன்றரைக் கொம்புதான் என்பதால் வேலை சீக்கிரம் முடிந்துபோயிருந்தது, ஆனாலும் பூசிக்கொண்டே இருந்தார்.

“எந்தப் பூவு? நான் பாக்கல. மரம் சாயறப்போ எங்கனா ஒட்டிக்கினு வந்திருக்கும்.”

“பன்னெண்டு வருஷமா பொய் ஜாமீன் சொன்னவ நானு” என்றாள் அம்சா. “நீங்க ஒரு நாளு பொய் சொல்றீங்க. அதுவே வரல.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் சாயம் பூசின கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மூக்கையும் சிவப்பாக்கிக்கொண்டார். அன்று சம்பந்திக்கு எழுதிய கடிதத்தில், ‘மாமரம் இந்த வருஷம் பூத்தது’ என்று மட்டும் எழுதினார். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. வீட்டில் அன்று புளிக்குழம்பு.

பெருமாள் பார்வேட்டைக்குப் போகிற நாள் வந்தது. சாலை முழுக்க ஜனம். பழைய வாசலை முள்வைத்து அடைத்தாகிவிட்டது. கிழக்கே ஐந்து புளியமரமும் இருந்த இடத்திலேயே நின்றன. அவற்றின் நிழலில் பூவராகவன் வருகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். மேற்கே புதுமண் வாசனை அடிக்கிற வழியில் வண்டி மெதுவாக வந்து, சாலைக்குப் பத்தடி முன்னாலேயே நின்றது. இரண்டு பக்கமும் சாலை பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கோடியில் வந்த ஜான் பாஷா பஸ்ஸிலிருந்தே கையைத் தூக்கினார்.

வண்டிக்குள் அம்சா உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஏறியிருக்கிறாள். கொண்டையில் மல்லிகைக்கு நடுவே அந்த வாடின மாம்பூவையும் செருகியிருந்தாள். தணிகாசலம் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அப்புறம் திரும்பிப் பின்னால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பின்னால இன்னா பஸ்ஸா வருது?” என்றாள் அம்சா. “ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”